யோகியரின் இதயம்

யோகியர் விரும்பிய பொழுதில் இதயத்தை நிறுத்துவர் என நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இதனைக் கருவிகொண்டு ஆராய்ந்தவர், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடலியல் பேராசிரியர் பி. கே. ஆனந்த். 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் புரோபெக்குடன் சேர்ந்து, உணவை நாடச் செய்யும் மூளைப் பகுதியை எலிகளிடம் கண்டறிந்தவரும் அவரே.

வெங்கர், பாக்சி என்னும் அறிஞர்களுடன் அவர் நால்வரை ஆராய்ந்த முடிவு 1961இல் வெளிவந்தது. மூவர் மூச்சையடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கினர்; நாடி மறைந்தது. ஆயினும் இதயம் நிற்கவில்லை. அதற்குத் திரும்பும் குருதியே தடைப்பட்டது. நான்காமவரோ இதயத் துடிப்பை மெய்யாகவே வெகுவாகத் தாழ்த்தினார்.

உடற்குறிகளைக் கருவியில் கண்டு அவற்றை ஆளப் பழகும் 'உயிர்ப் பின்னூட்டம்' 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தனித்துறையாயிற்று. ஜோகுபாளையத்தில் வாழும் நமக்கோ, இதே பெங்களூரின் நிம்ஹான்ஸில் யோகம் மருத்துவ ஆய்வுக்குரிய பொருளாக விளங்குவதைக் காணும் பேறு வாய்த்திருக்கிறது.