வண்டி கொண்டுவந்த கரண்ட்



நில அளவை வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், காட்டுப் பக்கம் போகிறோம், ஜீப் பேட்டரியில் லேப்டாப்பை ஓட்டலாமா?" ஓட்டலாம் என்று வழி சொன்னேன். ஆனால் வண்டியில் வந்த மின்சாரத்துக்கு நம் சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஒரு வரலாறே உண்டு. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய அமில பேட்டரியை 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்தார். 1912இல் அமெரிக்காவின் கேடில்லாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றும் வேலை குறைந்தது. அதற்காகவே கார்களில் பெரிய பேட்டரியும், அதை நிரப்பும் டைனமோவும் நிரந்தரமாக இடம்பிடித்தன. எஞ்சினைக் கிளப்ப வைத்ததை வைத்து வேறு என்ன செய்யலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. 1930இலேயே மோட்டோரோலா கார் ரேடியோ விற்பனைக்கு வந்துவிட்டது.

நம் ஊர்களில் இந்த யோசனைக்கு முதல் பயன் மைக் செட். 1951-52 பொதுத்தேர்தலின்போது பெரும்பாலான கிராமங்களில் கரண்ட் கிடையாது. ஆனால் ஓட்டு இருந்தது. காரின் கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போய்ப் பேசினார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 200, 300 வோல்ட் வேண்டும். கார் பேட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். அதனால் நடுவில் வைப்ரேட்டர் என்று ஒரு சிறு கருவி இருக்கும். பேட்டரியின் மின்சாரத்தை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி விட, டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்ட்டை ஏற்றித் தரும். டிரான்சிஸ்டர் 1947இல் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நம் கடைகளுக்கும் வந்தபோது இந்தத் தொல்லை தீர்ந்தது. 12 வோல்ட்டிலேயே நேராக ஓடும் ஆம்ப்ளிஃபயர் வந்தது. வாடகைக்கார், பேட்டரி, இரண்டு குழாய். இவ்வளவு இருந்தால் ஒரு தொகுதியையே சுற்றிவிடலாம் என்றானது.

அடுத்து வந்தது அரசாங்கத்தின் பட வண்டி. ஐந்தாண்டுத் திட்டங்களை மக்களுக்குச் சொல்வதற்காக மத்திய அரசு 1953இல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. பின்னர் அது கள விளம்பரத் துறை ஆனது. மாநில அரசின் செய்தித் துறைக்கும் வண்டிகள் உண்டு. வெள்ளைத் துணியைக் கட்டி, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் பிலிம்ஸ் டிவிஷன் படங்களைக் காட்டுவார்கள். உர மூட்டை, அம்மைத் தடுப்பு, சிவப்பு முக்கோணம் எல்லாம் வரும். நாங்கள் பிள்ளைகள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியாமல் இடவலமாக மாறித் தெரிவதைப் பார்த்துச் சிரிப்போம்.

இந்த வண்டி ஏன் ஜெனரேட்டரையும் சேர்த்துக் கொண்டுவந்தது என்று வகுப்பில் கணக்கே போட்டிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கும். புரொஜெக்டர் விளக்கு 750 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் வகுத்தால் 62 ஆம்பியருக்கு மேல். சாதாரண கார் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஒலிக்குப் பேட்டரி போதும், ஒளிக்கு எஞ்சினே ஓட வேண்டும்.

இதற்குள் பக்கத்திலேயே பெரிய மாற்றம். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது, 1962இல் அங்கே மின்சாரம் உற்பத்தியானது. கம்பி ஊர் ஊராக வந்தது. வண்டி கரண்டை நாம் மெல்ல மறந்தோம். கரும்பு ஏற்றி எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரில் பாட்டு கேட்பதோடு சரி.

பிறகு 2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே விடிகாலையில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் விழுந்தன. நெய்வேலி பக்கத்து ஊர்தான், ஆனால் அங்கிருந்து இங்கே வரக் கம்பி இல்லை! வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். அப்படியும் பொங்கல் வரை இருட்டில் கிடந்த கிராமங்கள் உண்டு.

அரிசி, தண்ணீருக்கு அடுத்தபடி ஜனங்கள் தவித்தது போன் சார்ஜுக்குத்தான். சென்னையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் இங்கே உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் துடித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு கரும்பு டிராக்டரின் பேட்டரியில் இரண்டு கிளிப் மாட்டி, ஒரு மெக்கானிக் தம்பி கார் சார்ஜர்களை வரிசையாக இணைத்தான். பெயர் எழுதிய சீட்டு ஒட்டிய போன்கள் தார்ப்பாயின்மேல் காத்திருந்தன. 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில் சுமார் 960 வாட்-அவர் இருக்கும். பாதியை மட்டும் எடுத்தால்கூட, அந்தக் காலத்துப் பட்டன் போன்கள் எண்பதுக்குக் குறையாமல் சார்ஜ் ஆகும். ஒரு பாட்டி, சிக்னல் கிடைத்ததும் மகனிடம் சொன்னது ஒரே வார்த்தை: "இருக்கோம்டா." வேறு எதுவும் பேசாமல் போனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அறுபது வருஷமாக வண்டிகள் நம் ஊருக்குக் கரண்ட் கொண்டுவந்தது, கட்சியும் அரசும் நம்மிடம் பேசுவதற்கு. நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். தானேயில்தான் அதே பேட்டரி, நாம் வெளியே பேசுவதற்குப் பயன்பட்டது.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். உங்களில் பலரின் அப்பா அம்மா இன்று ஊரில் தனியாக இருக்கிறார்கள். இன்றைய போன் ஒன்றுக்கு 15 வாட்-அவர் ஆகலாம், பழையதைவிட மூன்று நான்கு மடங்கு. சிறிய கார் பேட்டரியைக் கால் பங்குக்கு மேல் இறக்காதீர்கள், பிறகு வண்டியே கிளம்பாது. நேரம் அதிகமானால் எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுங்கள். ஆனால் மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், புகை உயிரை எடுத்துவிடும். டவருக்கும் கரண்ட் வேண்டும், அங்கே டீசல் தீர்ந்தால் சிக்னல் போய்விடும். ஆகவே சிக்னல் இருக்கும்போது சுருக்கமாகப் பேசுங்கள். ஒரு கார் சார்ஜர் வாங்கி வீட்டில் போட்டு வையுங்கள், மாட்டும் விதத்தைப் பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வருவதற்குள் செய்துவிடுங்கள்.

தானே சமயத்தில் உங்கள் ஊரில் எந்த வண்டி, யாருடைய பேட்டரி கைகொடுத்தது என்று கீழே எழுதுங்கள். நம் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.