தீவும் திரையும்

ஒரு தீவின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் யுத்தங்களையும் கவர்னர்களையும் கரும்புத் தோட்டங்களையும் பற்றி எழுதுவார்கள். அந்தத் தீவின் ஜனங்கள் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கே போனார்கள், யாரைப் பார்த்துக் கை தட்டினார்கள் என்று எழுதுவது அபூர்வம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கோ இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ருசி அதிகம். ஆகையால் ஜமைக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் என் பேனா கோட்டையையும் கொத்தளத்தையும் ஒதுக்கிவிட்டு நேரே சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது.

ஜமைக்கா என்றால் கிரிக்கெட் ரஸிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் ஹோல்டிங்கும் கோர்ட்னி வால்ஷும் பிறந்த இடம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கரிபியன் கடலில், கியூபாவுக்குத் தெற்கே இருக்கும் தீவு. 1655-ல் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் பிடுங்கிக் கொண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு பயிரிட்டார்கள். முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆண்டுவிட்டு 1962 ஆகஸ்டு 6-ந் தேதி சுதந்திரம் கொடுத்தார்கள். உல்லாசப் பிரயாணிகள் அங்கே வர ஆரம்பித்ததற்குக் காரணம் வாழைப்பழம். லோரன்ஸோ டௌ பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் காப்டன் 1870-ல் ஜமைக்கா வாழைப்பழத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்றார். வியாபாரம் பெருகியது. பழம் ஏற்றிக்கொண்டு போகிற கப்பல் திரும்பி வரும்போது காலியாக வருவானேன்? குளிருக்குப் பயந்த பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் தங்குவதற்கு ஹோட்டல்கள் எழுந்தன. வாழைப்பழம் போன வழியிலேயே சினிமாவும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

முதலில் வந்தது படம் காட்டுகிறவர்களைவிடப் படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகப் பரபரப்பை உண்டாக்கினார்கள். ‘எ டாட்டர் ஆப் தி காட்ஸ்’ என்று 1916-ல் ஒரு மௌனப் படம் வெளியாயிற்று. ஹெர்பர்ட் பிரெனன் டைரக்ட் செய்தது. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அன்னெட் கெல்லர்மன் கதாநாயகி. அந்தக் காலத்திலேயே பத்து லட்சம் டாலர் செலவு என்று விளம்பரம் செய்தார்கள். கிங்ஸ்டன் துறைமுகத்தின் எதிர்க்கரையில் பாழடைந்து கிடந்த பழைய கோட்டை ஒன்றில் சுல்தானின் நகரம் ஒன்றை நிர்மாணித்தார்கள். உள்ளூர் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கூலிக்கு அமர்த்தி அந்த நகரத்துப் பிரஜைகளாக்கினார்கள். ஆக, ஜமைக்காக்காரர்கள் முதல்முதலாகப் பெரிய அளவில் திரையில் தோன்றியபோது ஜமைக்காக்காரர்களாகத் தோன்றவில்லை; இல்லாத ஒரு தேசத்தின் ஜனங்களாகத் தோன்றினார்கள். அந்தப் படமும் இன்றைக்கு இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சாமல் அழிந்துவிட்டது.

கொட்டகைகள் பெருகின. 1921-ல் பாலஸ் அம்யூஸ்மெண்ட் கம்பெனி ஏற்பட்டது. 1938 ஏப்ரல் மாதத்தில் கிங்ஸ்டன் நகரத்தில் கிராஸ் ரோட்ஸ் என்ற நாற்சந்தியில் ‘கரிப்’ தியேட்டர் திறக்கப்பட்டது. புது மோஸ்தரில் கட்டிய பிரம்மாண்டமான கட்டடம். நகரமே பெருமைப்பட்டுக் கொண்டது.

அந்த ஏப்ரல் மாதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதே மாதக் கடைசியில், தீவின் மேற்குக் கோடியில் புரோம் என்ற இடத்துக் கரும்பாலைத் தொழிலாளர்கள், நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி வேண்டுமென்று கிளம்பினார்கள். போலீஸார் சுட்டார்கள், உயிர்கள் போயின. மே மாதத்தில் கிங்ஸ்டனிலேயே துறைமுகத் தொழிலாளிகளும் தெருக்கூட்டுகிறவர்களும் வேலைநிறுத்தம் செய்து நகரம் ஸ்தம்பித்தது. அலெக்ஸாண்டர் பஸ்டமாண்டேயைச் சிறையில் போட்டார்கள். சில தினங்களில் விட்டார்கள். 1962-ல் அவரே சுதந்திர ஜமைக்காவின் முதல் பிரதம மந்திரியானார். தீவின் நவீன அரசியல் 1938-ல் தொடங்குகிறது என்று சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். மாளிகை போன்ற கொட்டகை ஒன்று திறந்ததும், வயிற்றுக்கில்லாதவன் தெருவில் இறங்கியதும் ஒரே பருவத்தில் என்பதை அவர்கள் எழுதுவதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லைதான். ஆனால் இரண்டையும் ஒரே ஊர் ஒரே சமயத்தில் பார்த்தது.

இனிப் பத்து வருஷம் தள்ளிப் போகலாம். வின்ஸெண்ட் மார்ட்டின் என்று ஒருவன். ‘ஐவன்ஹோ’ என்றும் ‘ரைஜிங்’ என்றும் அவனுக்குப் பட்டப் பெயர்கள். 1948-ல் சிறையிலிருந்து தப்பி ஓடினான். போலீஸ்காரர்களைச் சுட்டான். தேடினார்கள், அகப்படவில்லை. இரண்டு கைகளிலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்கப் படங்களில் வரும் வீரனைப் போல நின்று அவன் எடுத்துக்கொண்ட போட்டோ பிரசித்தமானது. சேரி ஜனங்கள் அவனைப் பற்றிக் கதை கதையாகப் பேசினார்கள். அக்டோபர் 9-ந் தேதி, துறைமுகத்துக்கு வெளியே லைம் கே என்ற மணல் திட்டில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். நல்லவன் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரன். ஆனால் சாகப்போகிற ஒருவன், தன்னைப் பற்றி உலகத்துக்கு ஒரு படம் விட்டுச்செல்ல வேண்டுமென்று நினைத்தபோது எந்த மாதிரி நிற்க வேண்டுமென்று அவனுக்குத் தெரிந்திருந்தது பாருங்கள், அது சினிமாக் கொட்டகை கற்றுக் கொடுத்தது.

“அப்படியானால் சினிமா ஜனங்களைக் கெடுக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீரா?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒப்புக்கொள்ள மாட்டேன். கிங்ஸ்டன் சேரியில் வேலையில்லாமல் திரிந்தவனுக்குப் பசியைச் சினிமா கொடுக்கவில்லை, கோபத்தையும் கொடுக்கவில்லை. அது கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு நடை. அவ்வளவுதான்.

சர்க்காருக்கும் இந்தச் சக்தி தெரியாமல் இல்லை. 1951-ல் ஜமைக்கா பிலிம் யூனிட் என்று ஓர் இலாகா ஏற்பட்டது. மார்ட்டின் ரென்னல்ஸ் என்ற உள்ளூர்க்காரர் அதை நடத்தினார். பிரௌன் என்ற குடியானவர் நல்ல முறையில் பால் பண்ணை நடத்தக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். ஜமைக்காக்காரர்களை ஜமைக்காக்காரர்களாகவே காட்டிய படங்கள் இவை. அந்த மட்டில் வாழ்த்த வேண்டும். ஆனால், ஐயா, பால் பண்ணையைப் பார்த்துவிட்டு யாராவது வீடு திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வருவார்களா?

இதற்கிடையில் தீவின் வடகரையில் வேறு ஜனங்கள் வேறு வாழ்க்கை நடத்திக் கொண்டிருந்தார்கள். எர்ரல் பிளின் 1946-ல் தன் உல்லாசப் படகில் வந்து, இடம் பிடித்துப்போய், போர்ட் அண்டோனியோவுக்கு எதிரேயிருந்த குட்டித் தீவு ஒன்றையே வாங்கிவிட்டார். இயன் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் ஓரகபெஸ்ஸா கிராமத்தருகே ‘கோல்டன் ஐ’ என்று ஒரு வீடு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து தங்கினார். 1952-ல் அங்கே உட்கார்ந்து ஜேம்ஸ் பாண்டின் முதல் கதையை எழுதி முடித்தார். வருஷத்தில் இரண்டு மாதம் கடற்கரையில் தங்கி வருஷத்துக்கு ஒரு நாவல் எழுதுவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கு அந்த மனிதரிடம் உள்ள பொறாமையை மறைக்க விரும்பவில்லை.

1962 ஜனவரியில் ‘டாக்டர் நோ’ படமெடுக்க ஜமைக்காவுக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓச்சோ ரியோஸுக்கு அருகே ‘லாபிங் வாட்டர்ஸ்’ கடற்கரையில்தான் உர்சுலா ஆண்ட்ரெஸ் கடலிலிருந்து எழுந்து வந்தார். பாக்ஸைட் ஏற்றுகிற துறை, வில்லனின் கோட்டையாக மாறியது. பைரன் லீயின் உள்ளூர் வாத்தியக் கோஷ்டி ஒரு காட்சியில் வாசிக்கிறது. இடம் தேடிக் கொடுத்து உதவியவர்களில் கிறிஸ் பிளாக்வெல் என்ற இருபத்துநாலு வயது இளைஞர் ஒருவர். இவர் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாண்டைவிடக் குவாரல் என்ற படகுக்காரனைத்தான் அதிகம் கவனிக்கிறேன். கறுப்பு மனிதன்; விசுவாசமுள்ளவன்; வில்லனின் தீவில் பூதம் இருக்கிறதென்று பயப்படுகிறவன். பாண்ட் அவனிடம் தன் செருப்பை எடுத்துவரச் சொல்கிறார், எடுத்து வருகிறான். பிறகு நெருப்பில் கருகிச் சாகிறான். கதாநாயகர் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு மேலே போகிறார். குவாரலாக நடித்தவரும் ஜமைக்காக்காரர் அல்ல, அமெரிக்கர். ஆகஸ்டு மாதம் கிங்ஸ்டன் மைதானத்தில் நடு ராத்திரியில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. படம் லண்டனில் வெளியானது அக்டோபர் 5-ந் தேதி. தலைமைக் காரியதரிசியும் கிளப்பும் சீட்டாட்டமுமாக அதில் வருகிற உலகம், படம் திரைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே சட்டப்படி முடிந்துபோய்விட்டது.

ஜமைக்கா இளைஞர்கள் அந்தப் படங்களை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கோபித்துக்கொள்ளவில்லை; தங்களுடையதாக எடுத்துக்கொண்டு விட்டார்கள். ‘நவரோன் பீரங்கிகள்’ படத்தின் சங்கீதத்தை ஸ்கடலைட்ஸ் கோஷ்டி தங்கள் ஸ்கா தாளத்தில் போட்டு வாசித்தது. படத்தை மறந்தவர்கள்கூட அந்த இசைத்தட்டை மறக்கவில்லை. பிரின்ஸ் பஸ்டர் அல் கபோன் பெயரில் ஒரு தட்டு வெளியிட்டார். 1967-ல் டெஸ்மண்ட் டெக்கர் பாடிய பாட்டின் பெயரே ‘007’. ஆனால் அது பேசுவது சேரிக் கலகத்தைப் பற்றி. 1969-ல் லீ பெரியின் கோஷ்டி, இத்தாலியக் கௌபாய்ப் படத்து ஜாங்கோ திரும்பி வந்ததாக ஒரு தட்டுப் போட்டு இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது. பின்னால் வந்த பாடகர்கள் தங்களுக்கே டில்லிஞ்ஜர் என்றும் கிளின்ட் ஈஸ்ட்வுட் என்றும் ஜோஸி வேல்ஸ் என்றும் பெயர் சூட்டிக்கொண்டார்கள். திரையில் சுல்தானின் பிரஜைகளாக நின்றவர்களின் பேரப் பிள்ளைகள், திரையிலிருந்தவர்களின் பெயர்களையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

கடைசியில் 1972-ல் அந்தச் சம்பவம் நடந்தது. பெர்ரி ஹென்ஸல் என்ற ஜமைக்காக்காரர், நாடகாசிரியர் டிரெவர் ரோனுடன் சேர்ந்து கதை எழுதி, ‘தி ஹார்டர் தே கம்’ என்ற படத்தை எடுத்தார். பணவசதிக்குக் கைகொடுத்தவர்களில் கிறிஸ் பிளாக்வெல்லும் ஒருவர். பாடகர் ஜிம்மி கிளிப் கதாநாயகன். கதை வேறொன்றுமில்லை, நமது பழைய ரைஜிங்கின் கதைதான். காலத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். கிராமத்துப் பையன் ஐவன் பஸ் ஏறிக் கிங்ஸ்டன் வருகிறான். வந்த புதிதில் ரியால்டோ கொட்டகைக்குப் போய் ‘ஜாங்கோ’ பார்க்கிறான். திரையில் துப்பாக்கி வெடிக்கிறது, கொட்டகை சிரித்துக் கூத்தாடுகிறது. கடைசிச் சுருள் வரையில் கதாநாயகன் சாகமாட்டான் என்று பக்கத்திலிருப்பவர்கள் பேசிக் கொள்கிறார்கள். பையன் பாட்டுப் பாடுகிறான். இசைத்தட்டு முதலாளி இருபது டாலரைக் கொடுத்து அமுக்கிவிடுகிறார். கஞ்சா விற்கிறான், சுடுகிறான், ஓடுகிறான். ஓடுகிறவன் நடுவில் உல்லாசப் பிரயாணிகளின் ஹோட்டலிலிருந்து ஒரு வெள்ளைக் காரைக் கிளப்பிக்கொண்டு, பச்சைப்பசேலென்ற கோல்ப் மைதானத்தில் தாறுமாறாக ஓட்டுகிறான் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். எழுபது எண்பது வருஷமாக விளம்பரப் படங்களில் இருந்த அந்தப் புல்தரையில், முதல் தடவையாக விளம்பரத்தில் இல்லாதவன் ஒருவன் வந்திருக்கிறான். முடிவில் கடற்கரையில் சிப்பாய்கள் சுற்றி வளைக்கும்போது, அவன் மனக்கண்ணில் தெரிவது ரியால்டோ கொட்டகைக் கூட்டத்தின் முகங்கள்.

படம் முதலில் காட்டப்பட்டது ‘கரிப்’ தியேட்டரில். அழைப்புச் சீட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது. கதவுகள் தாங்கவில்லை. ஓர் ஆசனத்தில் இருவர் மூவர் உட்கார்ந்து பார்த்தார்களென்று ஹென்ஸல் பின்னால் சொல்லியிருக்கிறார். தங்கள் தெரு, தங்கள் பஸ், தங்கள் வாய்ப்பேச்சு திரையில் வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் வசனமே கேட்டிராது. அமெரிக்காவில் வெளியிட்டபோது, இங்கிலீஷ் படமாயிருந்தும் அடியில் இங்கிலீஷிலேயே எழுத்துப் போட வேண்டியிருந்தது. அங்கும் நள்ளிரவுக் காட்சிகளாக வருஷக்கணக்கில் ஓடியது.

டிரெவர் ரோன் அத்தோடு நிற்கவில்லை. ஹோட்டல் பரிசாரகர்களைப் பற்றி அவர் 1971-ல் எழுதிய ‘ஸ்மைல் ஆரஞ்ச்’ நாடகத்தை 1976-ல் தாமே படமாக்கினார். பழம் தின்ற பரிசாரகன் புதுப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான்: வெள்ளைக்காரர் முன்னால் எப்படிப் பல்லைக் காட்டுவது, எப்படிக் காசைக் கறப்பது என்று. எடுத்த முறை சுமார்தான். கையில் காசில்லாமல் எடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் குவாரல் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது மனத்துக்குள் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்பதை அறிய விரும்புகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

பிளெமிங்கின் வீட்டைப் பிற்பாடு பிளாக்வெல்லே வாங்கினார். அது இப்போது பணக்காரர்கள் தங்கும் விடுதி. ஹென்ஸல் 2006-ல் காலமானார். ‘கரிப்’ தியேட்டர் 1996-ல் தீப்பிடித்து எரிந்தது. மறு வருஷமே அதைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். முன்பு ஒரு திரை இருந்த இடத்தில் ஐந்து திரைகள்.