நெருப்பு புகுந்த நிலம்

கடந்த 54 கோடி ஆண்டுகளில் ஐந்து முறை, உலகின் பெரும்பாலான உயிரினங்கள் புவியியல் கணக்கில் மிகக் குறுகிய காலத்துக்குள் மறைந்திருக்கின்றன. ஆர்டோவீசியன் முடிவில் ஏறத்தாழ 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், டெவோனியனின் பிற்பகுதியில் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பெர்மியன் முடிவில் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், டிரயாசிக் முடிவில் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கிரெட்டேசியஸ் முடிவில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அவை நிகழ்ந்தன. இந்தப் பட்டியல் அண்மைக் காலத்தது. ஆங்கிலேயப் புவியியலாளர் ஜான் பிலிப்ஸ் 1860இல் வரைந்த வரைபடத்திலேயே இரண்டு பெரும் சரிவுகள் தெரிந்தன. ஆனால் ஐந்து என்ற எண்ணிக்கை நிலைபெற்றது 1982இல்தான். அமெரிக்கர்களான டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் கடல்வாழ் உயிரினக் குடும்பங்களின் தோற்றத்தையும் மறைவையும் தொகுத்து அதை நிறுவினர். சேற்றில் புதையும் ஓடுகள்தான் கல்லாக நன்றாக நிலைக்கின்றன என்பதால், கணக்கு பெரும்பாலும் கடலின் கணக்காகவே இருக்கிறது.

அடி எவ்வளவு பெரிதோ சாவும் அவ்வளவு பெரிது என்று எதிர்பார்ப்பது இயல்பு. பாறைகள் அப்படிக் காட்டவில்லை. கனடாவின் மனிகுவாகன் பள்ளம் சுமார் 21.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய விண்கல் மோதியதால் உண்டானது. அதையொட்டி எந்தப் பேரழிவும் இல்லை. சுமார் 13.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென் அமெரிக்காவின் பரனா பகுதியில் கொட்டிய எரிமலைக் குழம்பு அளவில் நம் தக்காணத்து எரிமலைக் குழம்போடு ஒப்பிடத்தக்கது. அதுவும் பேரழிவை உண்டாக்கவில்லை. அறியப்பட்ட எரிமலைப் பீடபூமிகளிலேயே மிகப் பெரியது பசிபிக் கடலடியிலுள்ள ஒன்டாங் ஜாவா. அது உருவான காலத்தில் கடலில் ஆக்சிஜன் குறைந்தது, அவ்வளவுதான். ஆகவே அடியின் வலிமையோடு, அடி விழுந்த இடத்தில் என்ன பாறை இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு அழிவுகளில் இந்தக் கேள்விக்கு அதிக வேலை இல்லை. ஆர்டோவீசியன் முடிவில் கோண்டுவானாப் பெருநிலத்தின் ஒரு பகுதி தென் துருவத்தின் மேல் இருந்தது. அது இன்றைய சகாரா. பனிப்பாறை உரசிய கீறல்கள் அல்ஜீரியப் பாலைவனத்தில் இன்றும் தெரிகின்றன. நீர் பனியாக உறைந்ததால் கடல்மட்டம் இறங்கி, கண்டங்களின் மேல் பரவியிருந்த ஆழமற்ற கடல்கள் வடிந்தன. பனி உருகியபோது ஆக்சிஜனற்ற நீர் ஏறி இரண்டாம் அடியைக் கொடுத்தது. டெவோனியனில் குற்றவாளிகளாகச் சந்தேகிக்கப்படுபவை மரங்கள். வேர்விட்ட முதல் காடுகள் பாறையைப் பொடித்துச் சத்தைக் கடலுக்கு அனுப்ப, பாசி பெருகி அழுகி ஆக்சிஜனைக் குடித்தது என்பது ஒரு விளக்கம். ஜெர்மனியில் கெல்வாசர் என்று பெயர் பெற்ற கரிய அடுக்குகள் அந்த மூச்சுமுட்டலின் தடம். பவளத் திட்டுகள் சரிந்தன. மீண்டும் அந்த அளவுக்கு எழப் பல கோடி ஆண்டுகள் ஆயின.

பெர்மியன் முடிவு வேறு அளவிலானது. கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் அழிந்தன. ஏறத்தாழ இருபத்தேழு கோடி ஆண்டுகளாகக் காலம் தள்ளியிருந்த டிரைலோபைட்டுகள் என்னும் கடல் கணுக்காலிகளின் கடைசி வாரிசுகளும் அப்போது முடிந்தன. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் மெய்ஷான் என்ற இடத்துச் சுண்ணாம்புப் பாறையே பெர்மியன் முடியும் எல்லைக்கான உலகப் பொது அளவுகோல். அங்குள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்கான் படிகங்களை வைத்து, அழிவு முழுவதும் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்குள் நடந்தது என்று 2014இல் கணித்தார்கள். காஷ்மீரின் குர்யுல் பள்ளத்தாக்கிலும் இதே எல்லை தெளிவாகக் காணக் கிடைக்கிறது.

அதே சமயத்தில் சைபீரியாவில் பல லட்சம் கன கிலோமீட்டர் குழம்பு கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் காலத்தை நுணுகிப் பார்த்தால் ஒரு முரண் எழுகிறது. நிலத்தின் மேல் வழிந்த குழம்பில் பெரும்பகுதி, அழிவு தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. சுமார் 3 லட்சம் ஆண்டுகள் குழம்பு ஓடியும் உயிர்கள் பெரிதாகச் சாகவில்லை. பிறகு மேலே வழி குறைந்து, குழம்பு பக்கவாட்டில் திரும்பி, துங்குஸ்கா வடிநிலத்தின் படிவுப் பாறைகளுக்கு இடையே கிடைமட்டத் தகடுகளாகப் புகுந்தது. அழிவின் தொடக்கம் அந்தத் திருப்பத்தோடு பொருந்துகிறது. 2017இல் சேத் பர்ஜெஸ் குழுவினர் இதைக் காலக்கணிப்போடு எடுத்துக்காட்டினர்.

அந்தப் படிவுகளில் இருந்தவை நிலக்கரி, எண்ணெய், சுண்ணாம்புப் பாறை, உப்பு. நிலக்கரியும் எண்ணெயும் வெந்தபோது கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியேறின. உப்பு வெந்தபோது குளோரின் கலந்த ஆவிகள் கிளம்பின. வாயு பீறிட்ட குழாய்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. சிலவற்றில் காந்த இரும்புத்தாது நிறைந்திருப்பதால் ரஷ்யர்கள் அவற்றைச் சுரங்கமாக வெட்டுகிறார்கள். நிலக்கரி எரிந்த சாம்பல் துகள்கள் வெகு தொலைவில் கனடாவின் ஆர்க்டிக் படிவுகளிலும் கிடைத்துள்ளன. கடலின் மேற்பரப்பு வெப்பம் எட்டுப் பத்து டிகிரி உயர்ந்தது. நீர் அமிலமாகி, ஓடு கட்டும் உயிர்களைத் தாக்கியது. வெப்ப நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். வெப்பம் ஏறினால் உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

நிலத்தில் நடந்ததற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி, குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் காடுகளிலிருந்து வந்தது. அதன் மேல் கிடக்கும் பாஞ்செட் அடுக்கில் நிலக்கரி இல்லை. காடுகள் போய்விட்டன, உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு நிலக்கரி படியவில்லை. பாஞ்செட்டில் கிடைப்பது லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றியளவுப் பிராணியின் எலும்பு. அழிவிலிருந்து தப்பி, ஆளில்லாத நிலத்தில் பெருகிய இனம் அது.

டிரயாசிக் முடிவும் இதே வகை, சற்றுச் சிறியது. பாஞ்சியாப் பெருநிலம் பிளந்து அட்லாண்டிக் திறக்கத் தொடங்கிய கோட்டில், மொராக்கோவிலிருந்து நியூ ஜெர்சி வழியாகப் பிரேசில் வரை குழம்பு எழுந்தது. பிரேசிலின் வடிநிலங்களில் அது உப்பும் கரிமப் பொருளும் கலந்த படிவுகளுக்குள் புகுந்தது. முதலை வழியினரின் பல கிளைகள் அப்போது ஒழிந்தன. டைனோசர்களுக்கு இடம் கிடைத்தது.

கிரெட்டேசியஸ் முடிவின் ஆய்வு இத்தாலியின் குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் களிமண்ணிலிருந்து தொடங்கியது. அதில் இரிடியம் வழக்கத்தைப் போல் 30 மடங்கு இருந்தது. பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் மிகுதியான உலோகம் அது. 1980இல் லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்டர், பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகியோர் சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் மோதியது என்றனர். மேகாலயாவில் உம் சொஹ்ரிங்க்யூ ஆற்றங்கரையிலும் அதே இரிடியம் அடுக்கு பிறகு கிடைத்தது. மெக்சிகோவின் யுகடான் கரையில் பள்ளம் இருப்பதை எண்ணெய் நிறுவனத்துக்காகத் தேடிய ஆய்வாளர்கள் 1970களின் இறுதியிலேயே கண்டிருந்தனர். சிக்சுலுப் என்ற அந்தப் பள்ளத்துக்கும் அழிவுக்கும் தொடர்பு உறுதிப்படுத்தப்பட்டது 1991இல்.

விண்கல் விழுந்த இடத்தில் தடித்த சுண்ணாம்புப் பாறையும், இன்று சிமெண்டில் கலக்கும் ஜிப்சமும் படிந்திருந்தன. ஜிப்சம் ஆவியானதால் கந்தகம் மேலே போய்ச் சூரிய ஒளியை மறைத்தது. 2016இல் பள்ளத்தைத் துளையிட்டு எடுத்த மாதிரியில், சுற்றுவட்டாரத்தில் நிறைந்திருந்த ஜிப்சம் ஏறத்தாழ இல்லவே இல்லை. போனது வளிமண்டலத்துக்கு. ஜப்பானியர்களான குனியோ கைஹோவும் நாகா ஒஷிமாவும் 2017இல் மண்ணெண்ணெய்ப் புகைபோன்ற கரிப்புகையை முதன்மைக் காரணமாக வைத்தனர். அதற்கு வேண்டிய கரிமப் படிவு பூமிப் பரப்பில் சுமார் 13 விழுக்காட்டில்தான் இருந்தது என்பது அவர்கள் கணக்கு. கந்தகமோ கரியோ, வாதம் ஒன்றே: சில நூறு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் விளைவு வேறாகியிருக்கலாம்.

இருள் சூழ்ந்ததில் மிதவை நுண்ணுயிர்கள் முதலில் பட்டினி கிடந்தன. அதன் தடம் தமிழ்நாட்டில் உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் கடற்படிவுகளை 1860களில் எச். எஃப். பிளான்ஃபோர்ட் வரையறுத்தார், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றின் தொல்லுயிர்களை விவரித்தார். கிரெட்டேசியஸ் அடுக்குகளில் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிர்கள் நிறைய. அவற்றுக்கு மேலே கல்லமேட்டின் ஆற்று மணல். அதற்கும் மேலே, கடல் திரும்பி வந்து படிய வைத்த நின்னியூர்ச் சுண்ணாம்பு. அங்கே அம்மோனைட் இல்லை, நாட்டிலஸ் இனம் இருக்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மேல்நீரில் மிதந்து நுண்ணுயிரை உண்டன என்றும், நாட்டிலஸ் மஞ்சள் கரு நிறைந்த பெரிய முட்டையை ஆழத்தில் இட்டது என்றும் கருதப்படுகிறது.

தக்காணத்தை ஒதுக்கிவிட முடியாது. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தக் குழம்பு அதே காலத்தில்தான் பாய்ந்தது. 2019இல் சயன்ஸ் இதழ் ஒரே வெளியீட்டில் இரு காலக்கணிப்புகளை வெளியிட்டது. மோதலுக்குச் சற்று முன்பே ஒரு பெரும் பாய்ச்சல் என்றது ஒன்று. பெரும்பகுதி மோதலுக்குப் பிறகே என்றது மற்றது. சைபீரியக் குழம்பைப் போல் அன்றி, தக்காணக் குழம்பு பெரும்பகுதி கரிமம் குறைந்த பழைய பாறைகளின் வழியே வந்தது. கிரெட்டேசியஸின் கடைசிச் சில லட்சம் ஆண்டுகளில் வெப்பம் இரண்டு டிகிரி அளவு ஏறி இறங்கியதில் அழிவு தொடங்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி ராஜமுந்திரியை அடைந்த குழம்பின் அடுக்குகளுக்கு இடையே உள்ள படிவில், அழிவுக்குப் பிந்தைய பாலியோசீன் காலத்து ஃபொராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைக்கின்றன. மேல் அடுக்குகள் கொட்டிய காலத்திலும் கடலில் புதிய இனங்கள் பெருகிக்கொண்டுதான் இருந்தன.