லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ் (நூல் வடிவமைப்பு)

லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ் ("லாஸ் வேகஸிடமிருந்து கற்றல்") என்பது ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனோர் ஆகியோர் எழுதி, 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்ட கட்டிடக்கலை நூல் ஆகும். இதன் வரைகலை வடிவமைப்புக் குறித்து நூலாசிரியர்களுக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு பரவலாக அறியப்பட்டது.

== உள்ளடக்கம் ==
1968 இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களுடன் லாஸ் வேகஸில் நடத்திய ஆய்வே நூலின் அடிப்படையாகும். இரண்டாம் பகுதி, முதியோருக்கான இரு அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒப்பிடுகிறது. ஒன்று வென்ச்சூரியின் கில்டு ஹவுஸ். மற்றது பால் ருடால்ஃபின் கிராஃபர்டு மேனர். அலங்காரத்தை விலக்கும் நவீனக் கட்டிடம், தன் முழு உருவத்தையுமே அலங்காரமாக்கிக் கொள்கிறது என நூல் வாதிடுகிறது. அத்தகைய கட்டிடம், வாத்து உருவில் அமைந்த ஒரு கடையின் நினைவாக "வாத்து" எனப்பட்டது. எளிய கட்டிடத்தின்மேல் அடையாளங்களைப் பொருத்துவது "அலங்கரித்த கொட்டகை" எனப்பட்டது.

== முதற் பதிப்பு ==
பதிப்பகத்தின் வடிவமைப்பாளரான மியூரியல் கூப்பர் இதனை வடிவமைத்தார். பௌஹவுஸ் கலைப்பள்ளி பற்றிய பெருநூலை 1969 இல் வடிவமைத்தவரும் இவரே. ஏறத்தாழ 36 செ.மீ உயரம், ஒளி கசியும் மேலுறை, அகன்ற வெற்றிடங்கள், பல அளவுகளில் அமைந்த படங்கள் ஆகியன இப்பதிப்பின் சிறப்புகளாகும். மேலுறைக்குக் காற்றுக்குமிழ்த் தாளைப் பயன்படுத்தும் கூப்பரின் எண்ணத்தை ஆசிரியர்கள் ஏற்கவில்லை.

== திருத்திய பதிப்பு ==
பௌஹவுஸ் மரபை விமர்சிக்கும் நூல், அம்மரபைத் தழுவிய தோற்றத்தில் வெளிவந்தது முரண்பாடு என ஆசிரியர்கள் கருதினர். வரிகளுக்கிடையேயான மிகுந்த இடைவெளி வாசிப்பைக் கடினமாக்கியது என்றும், நூலின் விலை மாணவர்களுக்கு எட்டாதது என்றும் குறைபட்டனர். இதனால் 1977 இல் ஏறத்தாழ 23 செ.மீ உயரமுள்ள, விலை குறைந்த பதிப்பு வெளியானது. ஆசிரியர்களின் கட்டிடங்களை விவரித்த மூன்றாம் பகுதி நீக்கப்பட்டது, படங்களும் குறைக்கப்பட்டன. மாணவரிடையே பரவியது இப்பதிப்பே.

== மறுபதிப்பு ==
அரிதாகிவிட்ட முதற் பதிப்பு, சேகரிப்பாளர்கள் நாடும் நூலாயிற்று. 2017 இல் எம்ஐடி பதிப்பகம், ஸ்காட் பிரவுனின் புதிய முன்னுரையுடன் அதனை மூலத்தின் தோற்றத்திலேயே மீண்டும் அச்சிட்டது. நூலொன்றின் தோற்றம் அதன் கருத்துக்கு இசைய வேண்டுமா, அல்லது வடிவமைப்பாளரின் தனி விளக்கமாக அமையலாமா என்ற கேள்விக்கு, இவ்விரு பதிப்புகளும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.