கொறங்காடும் கொள்ளும்

மழை குறைஞ்ச காட்டுல பயறு வகைத் தீவனம் போடுங்கன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. நம்ம காங்கயம், தாராபுரம் பக்கத்துக்கு இது புதுசு இல்லைங்க.

கொள்ளையே எடுத்துக்கங்க. கர்நாடகா, ஆந்திராவுல புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தைக் குவிச்சு எரிச்ச சாம்பல் மேடுகள் இன்னைக்கும் இருக்கு. அந்தக் காலத்து ஊர்களைத் தோண்டினப்போ கருகின கொள்ளும் கிடைச்சிருக்கு. ஏறக்குறைய 4000 வருஷமா மாடும் கொள்ளும் சேர்ந்தே இருக்குதுங்க.

நம்ம பெரியவங்க மேவுக்குன்னே கொறங்காடு வெச்சாங்க. சுத்தியும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்கே வெள்வேல மரம். மழை பேஞ்சா புல்லுக்குள்ள நரிப்பயறு தானாப் படரும். நரிப்பயறு மாதிரி வெள்வேலும் பயறு குடும்பம்தான். புல்லு காய்ஞ்சு கிடக்கற கோடையில வெள்வேலங்காய் உதிரும். ஆடு மாடு பொறுக்கித் தின்னும். காங்கயம் மாடு வளர்ந்தது இந்த மேவுலதான்.

அப்புறம் போர்வெல் வந்துச்சு. தண்ணி இருந்தவங்க கம்பு நேப்பியருக்கு மாறினாங்க. நெறையக் கொறங்காடு சைட்டாப் போச்சு.

2016ல வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைஞ்சுது. 2017 ஜனவரியில தமிழ்நாட்டு மாவட்டம் பூராவும் வறட்சின்னு அரசு அறிவிச்சுது. போர்வெல் வத்தின தோட்டத்துல நேப்பியர் கருகுச்சு. ஏவாரி சொன்ன விலைக்கு மாட்டைப் புடிச்சுக் குடுத்தாங்க. எங்க நாலு ஏக்கர் கொறங்காட்டுலயும் புல்லு இல்லை. ஆனா வெள்வேலங்காய் இருந்துச்சு, சேத்து வெச்ச கொள்ளுப் பொட்டும் இருந்துச்சு. ரெண்டு மாடும் கன்னும் பட்டியிலயே நின்னுச்சு.

அடுத்த மழைக்குப் புல்லுக்கு நடுவுல முயல் மசாலும் போட்டோம். தென் அமெரிக்கா பக்கத்துச் செடி, வறட்சி தாங்கும். விதைத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீர்ல நாலு நிமிஷம் போட்டு, ராத்திரி பூரா பச்சத்தண்ணியில ஊற வெச்சு விதைக்கணும். இல்லாட்டி முளைப்பு சரியா வராது.

கொறங்காட்டை விக்கலாம்னு இருக்கறவங்க ஒண்ணு மட்டும் யோசிங்க. முயல் மசால் விதை கடையில கிடைக்கும். முப்பது வருஷத்து வெள்வேல மரம் எந்தக் கடையிலயும் கிடைக்காது. காடு இல்லாதவங்க, வர்ற புரட்டாசி மழைக்குக் கால் ஏக்கராவது கொள்ளு விதைச்சு வைங்க. மனுசனுக்கு ரசம், மாட்டுக்குப் பொட்டு.