மேடையேறிய ஊர்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். பாவு, ஊடை, கோர்வை என்று பேசுகிற அதே வாயில் இலக்கியச் சண்டையும் வரும் எங்களுக்கு.

இந்த ஊரில் அது பழைய வழக்கம். குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதல் பாட்டிலேயே இலக்கணப் பிழை என்று ஒருவர் எழுந்து மறித்தாராம். வீரசோழியத்திலிருந்து விதி காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் மேலே நடந்தது என்பது கோயில் கதை. கதையோ நிஜமோ, கேட்பவன் குறுக்கே பேசலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

1909-இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1942-இல் இங்கிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். மறு வருஷம் பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மோதினார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பதே வழக்கு. எதிரே இருந்தவர்கள் சாதாரணப் பேச்சாளர்கள் அல்லர், பெரும் தமிழ்ப் பேராசிரியர்கள். அண்ணாவுக்கு அப்போது 33 வயது. அந்தப் பேச்சுகள்தான் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாயின.

புத்தகத்தை எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பனை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் எதிராளியை மரியாதையோடு விளித்தே வாதாடிய அந்த முறை பிடிக்கும். 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் முதலமைச்சர் அண்ணாவை 'சப் ஃபெல்லோ' (Chubb Fellow) என்னும் சிறப்பு விருந்தினராக அழைத்து மாணவர்களோடு பேச வைத்தது. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அதில் வியப்பே இல்லை.