நாலு சுவரும் ஜிம் றீவ்சும்

ஊன்ட்றொப் எண்டால் எங்கடை ஆக்களுக்கு ஞாபகம் வாறது காமாட்சி அம்பாள் கோயில்தான். 2002 யூலையில் கும்பாபிசேகம் நடந்த கோயில். தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். போன வருசம் தேருக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டிக்குள் ஜிம் றீவ்சின் இசைத்தட்டு ஒன்று. 2 யூரோ. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மெசின் இல்லை. இருந்தும் வாங்கினேன்.

காரணம் அப்பா. இலங்கை வானொலியின் ஆங்கில சேவை கேட்டு வளர்ந்த தலைமுறை. அந்தக் காலத்தில் தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லாருக்கும் ஜிம் றீவ்ஸ் பொதுச் சொத்து. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பூட்டி, நான் பெடலைச் சுத்த அப்பா கசெற் கேட்பார். "மெதுவாச் சுத்தடா, பாட்டு ஓடுது" என்பார். வெள்ளைக்காரன்ரை அழுகைப் பாட்டுக்கு நான் ஏன் கை நோக வேணும் எண்டு எனக்குக் கோபம். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தபோது கசெற்றுகள் வீட்டோடு போய்விட்டன.

இந்த மனிசன்ரை கதையைப் பிறகுதான் வாசித்தேன். 1923இல் ரெக்சாஸில் பிறந்தவர். கைக்குழந்தையிலேயே தகப்பன் இல்லை. பேஸ்போல் வீரராக வரப் பார்த்தார், காயம் அந்தக் கனவை முடித்தது. பிறகு வானொலி அறிவிப்பாளர். பிறகுதான் பாடகர். 1953இல் 'மெக்சிக்கன் ஜோ' முதலிடத்துக்கு வந்தது. அப்போதெல்லாம் உரத்த குரல், துள்ளல் பாட்டு.

1957இல் 'ஃபோர் வோல்ஸ்' வந்தது. விட்டுப்போன காதலியை நினைத்து நாலு சுவருக்குள் தனியே இருக்கிற ஒருவனின் பாட்டு. அதைப் பெண் பாடவேண்டிய பாட்டு எண்டு தயாரிப்பாளர் செற் அற்கின்ஸ் முதலில் தயங்கினாராம். றீவ்ஸ் விடவில்லை. மைக்குக்கு உதட்டை ஒட்டிவைத்து, காதுக்குள் கதைக்கிற மாதிரித் தாழ்ந்த குரலில் பாடினார். கம்பனிக்குள் எதிர்ப்பு இருந்தும் பாட்டு கன்ரி வரிசையில் முதலிடம். 'நாஷ்வில் சவுண்ட்' எண்டு பிறகு பேர் எடுத்த பாணிக்கு வழி திறந்த பாட்டுகளில் அதுவும் ஒன்று. 1960இல் 'ஹீ'ல் ஹாவ் ரு கோ' 14 கிழமை முதலிடத்தில் இருந்தது. குரலை உயர்த்தியல்ல, தாழ்த்தித்தான் அந்த மனிசன் இரண்டாம் முறை தொடங்கியது.

1964 யூலை 31. தானே ஓட்டிய சின்ன விமானம் இடிமழைக்குள் சிக்கி நாஷ்விலுக்குப் பக்கத்தில் விழுந்தது. வயசு 40. 1966இல் 'டிஸ்ரன்ற் ட்றம்ஸ்' இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தபோது பாடினவர் உயிரோடு இல்லை.

கம்பஸை இடையில் விட்டுவிட்டு நான் ஜேர்மனிக்கு வந்தபோது அகதி விடுதியில் ஒரு அறை, நாலு பேர். மாவட்டத்தைத் தாண்டிப் போகக்கூடாது. அப்போதுதான் நாலு சுவர் எண்டால் என்ன எண்டு விளங்கியது. பிறகு ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினேன். டொச் தெரியாத வெட்கத்தில் முதல் வருசம் எல்லாரோடும் சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் விளங்கும் எண்டு நினைப்பு. சின்னக் குரலில், பிழை பிழையாக எண்டாலும் கதைக்கத் தொடங்கின பிறகுதான் குசினியில் என்னை ஒரு மனிசனாகப் பார்த்தார்கள்.

2004இல் அப்பா செத்தபோது என்னிடம் பயணப் பத்திரம் இல்லை. போகவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பா தனியே இருந்த ஒன்பது வருசத்தில் அந்தப் பாட்டை எங்கே கேட்டிருப்பார்? கசெற் இல்லை, சைக்கிள் சுத்த நானும் இல்லை.

கன்ரி பாட்டெண்டால் குதிரை, தொப்பி, வெள்ளைக்காரன் எண்டு எங்கடை ஆக்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். தோத்துப்போய்த் திரும்ப எழும்பினவனின் பாட்டை நாங்களே விளங்காவிட்டால் வேறு யார் விளங்குவது?

இசைத்தட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. மெசின் ஒன்று தேடுகிறேன். கையால் சுத்துகிற மெசின் எண்டாலும் பரவாயில்லை. இந்தமுறை மெதுவாகச் சுத்துவேன்.